நாறின மீனும் வறுத்த மீனும்

அத்தியாயம் 7

கதவைத் திறந்ததுமே நாற்றம் ஆசிக்கின் மூஞ்சியில் அறைந்தது.

சாதாரண நாற்றமா அது? விற்காமல் போன மீனை வெயிலில் போட்டு, மேலே பினாயிலை ஊற்றி, ஒரு வாரம் மூடிவைத்துத் திறந்த மாதிரி இருந்தது. காலையில் தின்ற பொங்கல் தொண்டை வரைக்கும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று. கைக்குட்டையைத் தேடினான். அது வண்டியில் இருந்தது.

"இன்னாக்கா இது? லேபா, மார்ச்சுவரியா? இப்டி கப்பு அடிக்குது."

"பிரிடின்னு ஒரு கெமிக்கல். வாயை மூடு, பாதி நாத்தம் குறையும்" என்றாள் வசந்தகுமாரி.

வசந்தகுமாரி ஆவடி டிஃபென்ஸ் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். இப்போது பூந்தமல்லியில் ஒரு பிரியாணிக் கடைக்கு மேல்மாடியில் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறாள். முகமது ஆசிக் அம்பத்தூர்க்காரன். வண்டி ஓட்டுவது, ஆட்களைப் பின்தொடர்வது, வாயடிப்பது மூன்றுக்கும் சேர்த்து அவளிடம் ஒரே சம்பளம் வாங்குகிறவன். மூன்றாவது வேலையை யாரும் கேட்கவில்லை என்று அவள் சொல்லுவாள்.

வந்திருந்த இடம் திருமழிசை தொழிற்பேட்டை. உலகநாதன் என்பவருடைய சின்னக் கம்பெனி அது. ஜியோலைட் என்றொரு வெள்ளைப் பொடி செய்கிறார்கள். பெட்ரோல் சுத்திகரிக்கிற ஆலைகளிலும் மருந்து ஆலைகளிலும் ரசாயன வேலைகளை வேகப்படுத்துகிற பொடி. அதைச் சோதித்து 'நல்ல பொடி' என்று சர்டிஃபிகேட் கொடுக்கிற பெண்தான் கார்த்திகா. போன மாதம் ஹைதராபாத் கம்பெனி ஒன்றுக்கு மாதிரிப் பொட்டலம் போயிற்று. பொடி பிடித்திருந்தால் பெரிய ஆர்டர். அதோடு, அங்கே புதிதாகத் திறக்கிற லேபுக்குக் கார்த்திகாவையே தலைமைக்கு அழைத்துக்கொள்வதாகவும் பேச்சு. ஆனால் அவர்கள் சோதித்துப் பார்த்துவிட்டு, இது செத்த பொடி, ஒன்றுக்கும் உதவாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

உலகநாதனுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. நல்ல பொடியை இவள் வேறு யாருக்கோ விற்றுவிட்டு, சூளையில் வறுக்காத பச்சைப் பொடியைப் பொட்டலம் கட்டியிருக்கிறாள் என்று தீர்மானித்துவிட்டார். லேபைப் பூட்டி அவளை உள்ளே விடவில்லை. செய்ததை ஒப்புக்கொண்டு ராஜினாமா எழுதிக் கொடுத்தால் விட்டுவிடுவார். சாயங்காலத்துக்குள் கொடுக்காவிட்டால் போலீஸ். எந்தப் பக்கம் போனாலும் இனி இந்த நாட்டில் ஒரு லேபும் அவளை வாசல்படி ஏற விடாது. அதனால்தான் அவள் வசந்தகுமாரியைத் தேடி வந்தாள்.

லேபில் ஏற்கெனவே மூன்று பேர் இருந்தார்கள். கை கட்டிக்கொண்டு உலகநாதன். அழுது வீங்கிய கண்களோடு கார்த்திகா. அவள் தோளில் கை வைத்தபடி அவள் கணவன் பூபாலன்.

பூபாலனைப் பார்த்ததுமே ஆசிக்குக்குப் பிடித்துப்போயிற்று. திருச்சிப் பக்கத்துக்காரன், ஐ.டி. வேலை, காட்டுப்பாக்கத்தில் ஃபிளாட். மனைவிக்காக லீவு போட்டுவிட்டு இந்த நாற்றத்தில் நிற்கிறான். தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுக்கிறான். தன் கர்ச்சீஃபால் அவள் கன்னத்தைத் துடைக்கிறான். 'கையெழுத்து போட்டுடு கார்த்தி, போதும் இந்த வேலை' என்று தணிந்த குரலில் சொல்லிக்கொண்டே இருந்தான். இப்படி ஒரு மச்சான் என் தங்கச்சிக்குக் கிடைக்கக் கூடாதா என்று ஆசிக் நினைத்துக்கொண்டான்.

மேஜைமேல் ஹைதராபாத்திலிருந்து திரும்பி வந்த அலுமினியப் பொட்டலம் கிடந்தது. வசந்தகுமாரி அதைக் காட்டி, என் கண் முன்னால் கார்த்திகா இதை ஒருமுறை சோதித்துக் காட்டட்டும், அதற்கப்புறம் போலீஸோ பட்டாளமோ யாரை வேண்டுமானாலும் கூப்பிடுங்கள் என்றாள். உலகநாதன் முனகிக்கொண்டே சம்மதித்தார்.

கார்த்திகா கையுறை மாட்டினாள். அதுவரை விசும்பிக்கொண்டிருந்தவள், வேலை கைக்கு வந்ததும் வேறு ஆளாகிவிட்டாள். ஒவ்வொன்றாக விளக்கிக்கொண்டே செய்தாள். இந்தப் பொடிக்குள் கண்ணுக்குத் தெரியாத பொந்துகள் இருக்கின்றன. பொந்துகளுக்குள் அங்கங்கே அமிலம் உட்கார்ந்த இடங்கள். வேலை நடப்பதெல்லாம் அந்த இடங்களில்தான். அவை எத்தனை என்று தெரிந்தால் பொடியின் தரம் தெரிந்துவிடும். உள்ளே எட்டிப் பார்த்து எண்ண முடியாது. அதனால் பிரிடின் ஆவியை உள்ளே அனுப்புவார்கள். அது போய் அந்த இடங்களில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டாமல் சுற்றுவதை உறிஞ்சி எடுத்துவிட்டு, இன்ஃப்ராரெட் ஒளியைப் பாய்ச்சினால், எதோடு ஒட்டியிருக்கிறதோ அதற்கேற்ற இடத்தில் கிராஃபில் ஒரு மேடு எழும்பும்.

"புரிஞ்சிச்சு" என்றான் ஆசிக். "பஸ்ல எத்தினி சீட்டு கீதுன்னு பாக்க ஜனத்த ஏத்துறோம். நிக்கிறவன எறக்கி உட்டுட்டு, குந்திகினு கீறவன எண்றோம்."

கார்த்திகா அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தாள்.

முதல் வேலை வறுப்பது. பொடி காற்றிலிருந்து ஈரத்தைக் குடித்து வைத்திருக்கும். அந்த ஈரத்தை விரட்டாமல் அளந்தால் கிராஃப் பொய் சொல்லும். ஒரு பீங்கான் கிண்ணத்தில் பொடியைக் கொட்டி மின்அடுப்புக்குள் வைத்தாள். அடுப்பு சூடேறச் சூடேற ஆசிக்கின் முகம் கோணிக்கொண்டே போயிற்று.

"அக்கா, மீன் நாத்தம் தாங்கல. நான் வெளிய நிக்கிறேன்."

"அது பிரிடின் வாடைதாங்க. முதல் தடவை வர்றவங்க எல்லாருமே மீன்னுதான் சொல்லுவாங்க" என்றாள் கார்த்திகா. உலகநாதனும் தலையாட்டினார்.

"இல்லம்மா. அது நாறின மீனு. இது வறுத்த மீனு. நாங்க மீன் துன்றவங்க, எங்களுக்குத் தெரியாதா?"

யாரும் அவனைச் சட்டை செய்யவில்லை. பூபாலன் மட்டும், பாவம், அவரை வெளியே காற்றாட விடுங்கள் என்று சிபாரிசு செய்தான். வசந்தகுமாரி ஆசிக்கை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு 'நில்லு' என்று அர்த்தம். மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றான்.

வறுத்த பொடியை இயந்திரத்தில் அழுத்தி, கார்த்திகா மெல்லிய அப்பளமாக்கினாள். கண்ணாடி ஜன்னல் வைத்த குழாய்க்குள் அதை நிறுத்தி, காற்றை உறிஞ்சி எடுத்தாள். அப்புறம்தான் ஒரு பெட்டிக்குள்ளிருந்த பிரிடின் பாட்டிலின் திருகைத் திறந்தாள். கொஞ்ச நேரம் கழித்துத் திரையில் கோடு ஊர்ந்து வந்தது.

அமில இடத்துக்கு உரிய மேடு வரவேண்டிய இடம் மொட்டையாக இருந்தது. நல்ல பொடியில் அதுதான் பெரிய மேடு. அதற்குப் பதிலாக வேறொரு இடத்தில் உயரமாக ஒன்று எழும்பியிருந்தது. அதன் தோளோடு தோளாகச் சின்னதாக இன்னொன்று.

பெரியதைத் தொட்டுக் காட்டி, "சோடியம்" என்றாள் கார்த்திகா. அவள் குரல் மாறிவிட்டது. "அமிலம் இருக்க வேண்டிய இடத்துல எல்லாம் உப்பு உக்காந்திருக்கு."

"துண்டு போட்டு சீட்டு புடிச்சிகினு கீது" என்றான் ஆசிக்.

உலகநாதன் துள்ளினார். அதைத்தான் அவர் ஆரம்பத்திலிருந்து சொல்கிறார். வறுக்காத பச்சைப் பொடியில் சோடியம்தான் இருக்கும். ஆக, இது பச்சைப் பொடி. திருட்டு நிரூபணமாகிவிட்டது.

கார்த்திகா அந்தச் சின்ன மேட்டைச் சுட்டிக்காட்டினாள். சோடியத்தை நீக்கிவிட்டு, கடைசியாகச் சூளையில் வறுக்கும்போது அலுமினியம் கொஞ்சம் பிய்ந்து வெளியே வந்து நிற்கும். அந்தத் தழும்பின் மேடுதான் இது; இந்தச் சின்ன அடுப்பின் சூட்டுக்கு அது வராது. சூளைக்கே போகாத பச்சைப் பொடிக்குத் தழும்பு ஏது? இது அவள் கட்டிய அதே நல்ல பொடிதான். சூளையிலிருந்து வந்த பிறகு யாரோ உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டிருக்கிறார்கள்.

உலகநாதன் திரைக்குக் கிட்டே குனிந்து பார்த்தார். அப்புறம், அந்த யாரோ நீயாகவே இருக்கக் கூடாதா, என் ஆர்டரைக் கெடுத்துவிட்டு என் செய்முறையைத் தூக்கிக்கொண்டு ஹைதராபாத்துக்குப் போகத் திட்டம் போட்டிருப்பாய் என்று ஆரம்பித்தார். சேற்றில் கல்லை விட்டெறிந்த மாதிரி அந்தப் பேச்சு எல்லோர் மேலும் தெறித்தது. கார்த்திகா உட்கார்ந்துவிட்டாள். பூபாலன் அவள் பக்கத்தில் குனிந்து, போதும்மா, அவமானப்பட்டது போதும், கையெழுத்து போட்டுடலாம் என்றான்.

வசந்தகுமாரி யாரும் எதிர்பாராத ஒன்றைச் சொன்னாள். அதுவும் சரிதான், பூபாலன் போய் அந்தக் கடிதத்தை டைப் அடித்து பிரிண்ட் எடுத்துக்கொண்டு வரட்டும் என்றாள். பூந்தமல்லியில் நல்ல கடை இருக்கிறதாம். பூபாலன் மறுபேச்சுப் பேசாமல் கிளம்பினான். படியில் அவன் இரண்டிரண்டாக இறங்குகிற சத்தம் கேட்டது. உலகநாதனும் தன் அறைக்குப் போய்விட்டார்.

"கார்த்திகா, பொடி அடுப்புல இருந்தப்போ பிரிடின் பாட்டில் திறந்திருந்ததா?"

"இல்லைங்க. ஈரம் போற வரைக்கும் அதைத் தொடவே மாட்டோம். எப்பவுமே வழக்கம் அதான்."

"லேபே கொஞ்ச நாளா பூட்டித்தான் கெடந்தது. இங்க இருக்கறது பழைய வாடை. அடுப்பு சூடாகச் சூடாகப் புதுசா ஒரு வாடை எங்கேருந்து வந்தது?"

கார்த்திகா அடுப்பைத் திரும்பிப் பார்த்தாள். மீன் நாற்றம் என்றாலே பிரிடின் என்று அவள் மூக்கு பழகிப்போயிருந்தது. இந்த லேபில் யாருக்கும் அதற்கு மேல் யோசிக்கத் தோன்றாது. அந்தப் பொடி பக்கத்தில் எது இருந்தாலும் அதன் வாடையைக் குடித்து வைத்துக்கொள்ளும், சூடு பண்ணினால் கக்கிவிடும் என்று மெதுவாகச் சொன்னாள். அதை மற்றவர்களுக்குப் பாடமாகச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான்.

"பொட்டலம் ஒட்டினதுலேருந்து கூரியர் போற வரைக்கும் எங்க இருந்தது?"

வீட்டில்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் ஒட்டினாள். ஆபீஸ் போகிற வழியில் திங்கட்கிழமை நானே கூரியரில் போட்டுவிடுகிறேன் என்று பூபாலன் வாங்கிக்கொண்டான். சனிக்கிழமை அவளுக்கு வேலை, அவனுக்கு லீவு. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் இருந்த பொட்டலத்தைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்திருந்தாள்.

"வீட்ல மீன் சமைப்பீங்களா?"

"நான் மீனைத் தொட்டே ரொம்ப வருஷமாச்சு. நாள் பூரா இந்த நாத்தத்துல நின்னுட்டு வீட்டுக்குப் போயும் மீனா? அவர் மட்டும்தான். நான் இல்லாதப்போ ஏர் ஃப்ரையர்ல அவரே வறுத்துப்பார். அந்த மெஷினை நான் தொடறதே..."

பேச்சை நிறுத்திவிட்டு அவள் கைப்பையைத் திறந்தாள். வசந்தகுமாரி அவளிடமிருந்து வீட்டுச் சாவியை வாங்கி ஆசிக்கிடம் கொடுத்தாள்.

காட்டுப்பாக்கம் ஃபிளாட் பளிச்சென்று இருந்தது. ஹாலில் கல்யாண போட்டோ. அடுப்படி மேடை துடைத்துவிட்ட மாதிரி சுத்தம். மூலையில் அந்த மெஷின் மட்டும் மூடியிருந்தது. கூடையை வெளியே இழுத்தான் ஆசிக். பிசுபிசுவென்று பழுப்பேறிய எண்ணெய் விரலில் ஒட்டியது. சல்லடைக் கண்ணில் ஒரு நெத்திலித் தலை காய்ந்து கிடந்தது. லேபில் அடுப்புப் பக்கத்தில் வந்த வாடைதான், அச்சு அசலாக அதேதான். கழுவாத கலீஜ் என்று திட்டிக்கொண்டே மெஷினைத் தலைகீழாகச் சாய்த்து டார்ச் அடித்தான். உள்ளே மேல்பக்கம் ஃபேன் இருக்கிற கம்பி வலையில், எண்ணெய்ப் பிசுக்கின்மேல் வெள்ளையாக ஒரு படலம் அப்பியிருந்தது. மாவு இல்லை. மசாலா இல்லை. சன்னமான பொடியை உள்ளே வைத்தால் ஃபேன் சும்மா விடுமா, ஊதி மேலே அப்பிவிட்டிருக்கிறது.

ஆசிக்குக்கு, கார்த்திகாவின் கன்னத்தைத் துடைத்த அந்தக் கர்ச்சீஃப் ஞாபகம் வந்தது. சின்க்கில் முகத்தைக் கழுவிக்கொண்டு, கட்டிலிலிருந்த போர்வையை உருவி மெஷினைச் சுற்றிக் கட்டி வண்டியில் வைத்தான். பூந்தமல்லி ரோட்டில் ஒவ்வொரு சிக்னலிலும் பக்கத்து வண்டிக்காரன் அவனைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

அவன் லேபுக்குள் நுழையும்போது உலகநாதன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பூபாலன் கடிதத்தோடு வந்துவிட்டிருந்தான். மூடியைக் கழற்றிய பேனாவை மனைவியின் முன்னால் வைத்திருந்தான். பக்கத்தில் அவளுக்காக வாங்கிவந்த சாத்துக்குடி ஜூஸ். அவள் அதைத் தொடவில்லை.

போர்வையைப் பார்த்ததும் பூபாலனின் முகம் வெளிறியது. தன் வீட்டுப் போர்வை தெரியாமல் போகுமா?

"இதுக்குள்ள ஒட்டியிருக்கற வெள்ளையை உங்க மனைவி சுரண்டி மெஷின்ல வைக்கப் போறாங்க" என்றாள் வசந்தகுமாரி. "மைதாவா இருந்தா உங்க கால்ல விழுந்து மன்னிப்பு கேக்கறேன். அதே ரெண்டு மேடும் வந்தா என்ன செய்யலாம், நீங்களே சொல்லுங்க."

கார்த்திகா ஏற்கெனவே கையுறையை மாட்டிக்கொண்டிருந்தாள். அவள் சுரண்டியை எடுத்ததும் பூபாலன் நாற்காலியில் உட்கார்ந்தான். உலகநாதனைப் பார்த்தான், வசந்தகுமாரியைப் பார்த்தான். மனைவியை மட்டும் பார்க்கவில்லை.

பிறகு கொட்டினான். பொட்டலத்தின் ஓரத்தை வெட்டி, பொடியைக் கிண்ணத்தில் உப்புத் தண்ணீர் விட்டு ஊறவைத்து, வடிகட்டி, திரும்ப ஊறவைத்து, ஏர் ஃப்ரையரில் காயவைத்து, இஸ்திரிப் பெட்டியால் பொட்டலத்தைத் திரும்ப ஒட்டியிருக்கிறான். சாம்பிள் ஃபெயில் ஆனால் ஹைதராபாத் வேலை போய்விடும், அவ்வளவுதான் என்று நினைத்தானாம். போலீஸ் வரைக்கும் போகும் என்று கனவிலும் நினைக்கவில்லையாம். பெண்டாட்டியை வெளியூருக்கு வேலைக்கு அனுப்பிவிட்டு இவன் இங்கே தனியாகப் பொங்கித் தின்றால் சொந்தக்காரர்கள் என்ன பேசுவார்கள்? அதுவும் இவனைவிடப் பெரிய வேலைக்கு?

"திருட்டுப் பட்டம் கட்டினப்போ சொல்லியிருக்கலாமே" என்றாள் வசந்தகுமாரி.

கையெழுத்து போட்டால் அதோடு முடிந்துவிடும் என்றுதான் பேசாமல் இருந்தானாம்.

"உப்பு ஏறினா பொடி செத்துடும்னு உனக்கு யார் சொன்னா?" என்று கேட்டாள் கார்த்திகா. அதுதான் அவள் அவனிடம் கேட்ட ஒரே கேள்வி.

"நீதான். சாப்பிடும்போது சொன்னே."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். தினமும் ராத்திரி சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து லேபில் நடந்ததையெல்லாம் ஆசை ஆசையாகச் சொல்லியிருக்கிறாள். அவன் 'ம்' கொட்டிக் கேட்டிருக்கிறான். ஆசிக்கால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சீ, இவனையா தங்கமான மனுஷன் என்று நினைத்தோம் என்று தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. காலையிலிருந்து மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தவனுக்கு இந்த நாற்றத்துக்கு எதைப் பொத்துவது என்று தெரியவில்லை.

உலகநாதன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு முன்னால் வந்தார். அவர் குரலில் இப்போது தேன் வடிந்தது. கார்த்திகா தனக்கு மகள் மாதிரியாம். இது புருஷன் பெண்டாட்டிக்குள் நடந்தது, நாலு சுவருக்குள் இருக்கட்டுமாம். ஹைதராபாத்துக்கு, கூரியரில் போகும்போது தண்ணீர் பட்டுவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். கம்பெனி மானமும் போகாது, குடும்ப மானமும் போகாது.

"இன்னா சாரே" என்றான் ஆசிக். "காத்தால திருடி, சாயங்காலம் மகளா?"

உலகநாதன் அவன் பக்கம் திரும்பவில்லை. பூபாலன் ஆவலோடு தலையாட்டினான். அது போதும், தண்ணீர் பட்டுவிட்டது என்று சொன்னால் போதும் என்றான். இரண்டு ஆண்களும் ஒரே குரலில் பேசத் தொடங்கியிருந்தார்கள்.

கார்த்திகா கையுறையைக் கழற்றி குப்பைக் கூடையில் போட்டாள். போனை எடுத்து ஹைதராபாத் கம்பெனியின் ரேகாவைக் கூப்பிட்டாள். மாதிரியைத் திருப்பி அனுப்பியவள் அந்த ரேகாதான், கோயம்புத்தூர்க்காரி. போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தாள்.

"மேடம், நான் அனுப்பினது நல்ல பொடிதான். என் வீட்டுக்காரர் அதை எடுத்து உப்புத் தண்ணியில ஊற வெச்சிருக்கார். கிராஃப்ல தழும்பு தெரியுது, அனுப்பறேன், நீங்களே பாருங்க. புதுப் பொடியை நானே கையில எடுத்துட்டு வர்றேன்."

 ரேகா, மேலே இருக்கிறவர்கள் கேட்பார்கள், எழுத்தில் வேண்டும், காரணம் என்ற இடத்தில் என்ன எழுதப் போகிறீர்கள் என்று தயக்கத்தோடு கேட்டாள்.

"நடந்ததை எழுதுவேன் மேடம். பேரோட எழுதுவேன்."

பூபாலன் எழுந்து வந்து மேஜையைப் பிடித்துக்கொண்டான். "பேரு மட்டும் வேண்டாம் கார்த்தி. வெளிய தெரிஞ்சா என்னை யாரு வேலைக்கு வெப்பாங்க?"

"யாருங்க பக்கத்துல பேசறது?" என்றாள் ரேகா.

"அவர்தான் மேடம்" என்றாள் கார்த்திகா. "தன்னை யாரு வேலைக்கு வெப்பாங்கன்னு என்கிட்ட கேக்கறார்."

சொல்லிவிட்டு, போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, ஹைதராபாத்துக்கு எந்த பஸ்ஸில் வந்தால் சௌகரியம் என்று விசாரிக்க ஆரம்பித்தாள்.